ஒரு கொப்புகூட வேண்டாமுங்க

கோயம்புத்தூர்க்காரர்கள் யாரையும் திட்ட மாட்டார்கள் என்று என் கல்யாணத்துக்கு முன்பு தூத்துக்குடியில் எல்லோரும் சொன்னார்கள். அது பெரிய பாக்கியம் என்றுதான் நானும் நினைத்தேன். தப்புச் செய்தவனுக்குத் திட்டு கிடைக்காமல் போவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்பது தப்புச் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். திட்டிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். "பரவால்லீங்க, காப்பி குடிச்சீங்களா" என்று கேட்டுவிட்டால், எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

எங்கள் வீட்டில் அப்பா திட்டினால் அடுத்த தெருவில் உப்பு லாரி ஓட்டுகிறவர் பிரேக் போடுவார். அப்படி வளர்ந்த என்னை, கோவையில் வேலை கிடைத்த தோஷத்துக்கு, ஒரு கொங்குக் குடும்பத்தில் மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மனைவி கவிதா ஒரே மகள் என்பதால் அவள் பெற்றோருடனேயே தங்கியிருந்தோம். மாமா ரொம்ப காலம் மோட்டார் பம்புப் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். பட்டறையில் அவர் குரலைக் கேட்டால் லேத்து மிஷினே நின்றுவிடும் என்பார்கள். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க மாப்ளை, உக்காருங்க" என்பார். நான் குளித்துவிட்டு வந்தாலும் "வாங்க மாப்ளை"தான். அத்தை அதற்கும் ஒரு படி மேல். என்னிடம் "சாதம் போடட்டுங்களா" என்று கேட்பார். நான் "போதும்" என்பேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கரண்டி போடுவார்.

வீடு சாய்பாபா காலனியின் பழைய பகுதியில் இருந்தது. மாமா அதைக் கட்டியபோது சுற்றிலும் சோளக்காடாம். இப்போது சுவரோடு சுவராக வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நான்கு வீடுகளில் தும்முவார்கள். தெருவில் ஒரு கார் வந்தால் எதிரே வருகிற கார் பின்னாலேயே போய் அடுத்த தெருவில் பிறக்க வேண்டும். இந்த நெருக்கடிக்குள் வீட்டின் பின்பக்கம் இரண்டு மரங்கள். ஒன்று குல்மோகர் (கோடையில் தெருவையே சிவப்பாக்குமே, அதுதான்). இன்னொன்று கிளிமூக்கு மாமரம்.

குல்மோகர் பின் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின் வீட்டில் இருந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சரோஜா அம்மா. போன ஆடிக் காற்றில் குல்மோகரின் கிளை ஒன்று முறிந்து அவருடைய மொட்டைமாடியில் இருந்த சோலார் ஹீட்டர் மேல் விழுந்து, கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கிவிட்டன. எங்கள் ஊராக இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குத் தெருவே அதிர்ந்திருக்கும். சரோஜா அம்மா ஒரு டப்பாவில் நிலக்கடலை உருண்டை எடுத்துக்கொண்டு வந்து, அத்தையிடம் கொடுத்து, அரை மணி நேரம் நலம் விசாரித்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "உங்க மரம் நேத்து எங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போச்சுதுங்க."

அவ்வளவுதான் புகார்.

மாமா உடனே புது ஹீட்டர் வாங்கி மாட்டிக்கொடுத்தார். குல்மோகரை எடுத்துவிடுவது என்றும் முடிவானது. தை பிறந்ததும் மரம் பராமரிக்கிற ஒரு குழுவைக் கூப்பிட்டார். மர வேலை என்றால் தோளில் அரிவாளோடு ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் செல்வராஜ், மேட்டுப்பாளையத்துக்காரர். தலையில் ஆரஞ்சு ஹெல்மெட், இடுப்பில் அகலமான பெல்ட், அதில் விதவிதமான கொக்கிகள். ஊட்டி மலையை நேராகச் சுவர் மாதிரி ஏறப்போகிறவர் போல இருந்தார். மரத்தை ஒரு கட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "உள்ள பொக்கா இருக்குதுங்க. வர்ற ஆடிக்கு நிக்காதுங்க" என்றார். சாய்த்து வெட்ட இடமில்லையாம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் யாராவது ஒருவருடைய படுக்கையறையில்தான் விழுமாம். உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, கப்பியில் போட்டு, கீழே பூ மாதிரி இறக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிற சந்து வழியாகத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் வேலை. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பவானியில் மாமாவின் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம்.

இங்கே நான் ஒரு தந்திரம் செய்தேன். புது மாப்பிள்ளையைக் கொங்குக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் என்ன நடக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாற்காலியாக நிறுத்தி, "இவிய நம்ம கவிதா ஊட்டுக்காரருங்க" என்று காட்டுவார்கள். அவர்கள் எழுந்து கும்பிடுவார்கள். நான் கும்பிடுவேன். "எந்த ஊருங்க?" "தூத்துக்குடிங்க." "அப்படீங்களா, நெம்ப தூரமுங்க." இதே பேச்சு, மண்டபத்தில் எத்தனை நாற்காலியோ அத்தனை முறை. அதிலிருந்து தப்பிக்க, "நான் இருந்து மர வேலையைப் பார்த்துக்கிறேன் மாமா, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க மாப்ளை சிரமம்" என்றார் மாமா. இதற்கு 'உங்களுக்கு இது ஒத்துவராது' என்று பொருள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கவிதா என்னைத் தனியாக அழைத்து, "மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றாள். (பெரியவர்கள் முன்னால் 'நீங்க', அறைக்குள் 'நீ'. அது எங்கள் ஒப்பந்தம்.) நியாயமான கேள்விதான். நான் உப்பளத்துப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊரில் மரம் என்றால் உடைமரம். அதை யாரும் வளர்ப்பதும் இல்லை, யாராலும் ஒழிக்க முடிவதும் இல்லை. "மரம் வெட்டுறவங்க வெட்டப் போறாங்க. நான் பக்கத்துல நிக்கப் போறேன். இதுல தெரிய என்ன இருக்கு?" என்றேன்.

காலையில் அவர்கள் பவானிக்குக் கிளம்பினார்கள். செல்வராஜ் நான்கைந்து ஆட்களோடு வந்து சேர்ந்தார். கயிறுகளை விரித்து, கப்பிகளை மாட்டி, மிஷின் ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றி, ஏறுகிறவருடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். அதை மாட்டியவுடன் எனக்குள் ஒரு அதிகாரி பிறந்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். எதைப் பார்க்கிறேன் என்று தெரியாமலே தலையை ஆட்டினேன்.

அப்போது செல்வராஜ் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இந்த மாமரத்துக் கொப்பு ஒண்ணு குறுக்கால நிக்குதுங்க. துண்டு எறக்கறப்ப இதுல மோதுமுங்க. இந்த ஒரு கொப்ப எடுத்துட்டா சுளுவா இருக்கும். வேண்டாம்னா கயித்துல இழுத்துக் கட்டி ஒதுக்கிக்கலாமுங்க, கொஞ்சம் நேரமாகும். ஊட்டுப் பெரியவிய கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

மாமாவை போனில் அழைத்தேன். அவர் முகூர்த்தம் நடக்கிற மண்டபத்தில் இருந்தார். சரியாகக் கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் நான் அழைத்திருக்கிறேன் போல. தவிலுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது.

"மாமா, மாமரம் குறுக்க நிக்குதாம். என்ன செய்யட்டும்?"

"மாமரத்த..." என்றார் மாமா. தவில். "...ட்டுப்போடுங்க மாப்ளை."

"கேக்கல மாமா."

"...ட்டுப்போடுங்க. மாமரத்த ...ட்டுப்போடுங்க."

"முழுசாவா மாமா?"

"முழுசா ...ட்டுப்போடுங்க. ஒரு கொப்புகூட..." நாதஸ்வரம் ஒரு முறை மேலே போய்விட்டு இறங்கியது. "...வேண்டாமுங்க."

போன் அணைந்துவிட்டது.

அவர் சொன்னது 'உட்டுப்போடுங்க'. அதாவது, விட்டுவிடுங்கள். முழுசா விட்டுவிடுங்கள், ஒரு கொப்புகூட எடுக்க வேண்டாம். கொங்குக்காரர்கள் 'விட்டு' என்பதில் முதல் எழுத்தைச் சாப்பிட்டுவிட்டு 'உட்டு' என்பார்கள். மிச்சமிருந்த 'உ'வைத் தவில்காரர் சாப்பிட்டுவிட்டார். என் காதுக்கு வந்து சேர்ந்தது வெறும் '...ட்டுப்போடுங்க'. கையில் ரம்பத்தோடு நான்கைந்து பேர் எதிரே நிற்கும்போது, தலையில் ஹெல்மெட் வேறு இருக்கும்போது, அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன எழுத்தைப் போட்டுக்கொள்வான்? நான் 'வெ' போட்டு, 'வெட்டிப்போடுங்க' ஆக்கிக்கொண்டேன்.

செல்வராஜிடம் போய், "மாமரத்தை வெட்டிடச் சொல்றாரு" என்றேன்.

"அந்தக் கொப்பைங்களா?"

"இல்ல, முழுசா."

செல்வராஜ் மாமரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிஞ்சு புடிச்சிருக்குதுங்களே" என்றார்.

"ஒரு கொப்புகூட வேண்டாமாம்."

"அப்படீங்களா." கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மறுக்கா ஒரு தரம் கேட்டுப்போடலாமுங்களா?"

மறுபடி அழைத்தேன். மாமா எடுக்கவில்லை. மொய் எழுதுகிற வரிசையில் நின்றிருக்கிறார், போன் வேட்டி மடிப்பில். கவிதாவை அழைத்தேன். அவள் மணப்பெண்ணோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள், அவளும் எடுக்கவில்லை. எனக்குமே உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. அத்தை தினமும் காலையில் அந்த மாமரத்துக்குக் கீழே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். போனில் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மாங்காய் ஊறுகாய் ஜாடி எப்போதும் இருக்கும். ஆனால் ஊறுகாய் என்பது கடையில் பாட்டிலுக்குள் விளைவது என்று நம்பி வளர்ந்தவன் நான். ஜாடிக்கும் மரத்துக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை. பெரியவர்கள் ஒன்று சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்று முடிவு செய்தேன். (என் வாழ்க்கையில் பெரியவர்கள் சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல் கேட்டேன்.)

"வெட்டிடுங்க" என்றேன்.

"சரிங்க" என்றார் செல்வராஜ்.

கோயம்புத்தூரில் 'சரிங்க' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று பிற்பாடு நான் ஓரளவு கற்றுக்கொண்டேன். அந்தச் 'சரிங்க'வுக்குப் பொருள், 'உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குது, ஆனா அது உங்க ஊட்டுச் சங்கதி' என்பது.

வேலை தொடங்கியது. பின் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த சரோஜா அம்மா, கையில் ஈரப் புடவையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க தம்பி, மாமரத்தையுங்களா?"

"ஆமாங்க. மாமா சொன்னாரு."

"அவியளே சொன்னாங்களா?"

"இப்பதான் போன்ல சொன்னாரு."

"சரிங்க" என்றார் அவரும். புடவையைப் பிழிந்தார். போய்விட்டார். (அதுவும் அதே வகைச் 'சரிங்க'தான்.)

மாமரம் துண்டு துண்டாகக் கயிற்றில் இறங்கியது. நானும் சும்மா இருக்கவில்லை. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தேன். இலைகளை ஒதுக்கினேன். நடுவில் ஒரு பெரிய துண்டு அழகாகத் தொங்கி இறங்குவதைப் படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் 'வேலை ஜரூராக நடக்கிறது' என்று போட்டேன். படத்தில் கட்டையும் கயிறும் நானும் மட்டும். கட்டை எந்த மரத்துடையது என்று பிரம்மனாலும் சொல்லியிருக்க முடியாது. கவிதா 'சூப்பர்' என்றாள். அத்தை ஒரு கும்பிடும் கையை அனுப்பினார். அதைச் செல்வராஜிடம் காட்டி, "பாருங்க, அத்தையே சந்தோஷமா இருக்காங்க" என்றேன். செல்வராஜ் அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தார்.

மதியத்துக்கு மேல் ஒரு புதிய சிக்கல். மாமரம் நினைத்ததைவிடப் பெரியது. அதன் கட்டைகளே பின்பக்கம் முழுக்க நிறைந்து, சந்தை அடைத்து, கார் நிற்கிற போர்ட்டிகோ வரைக்கும் வந்துவிட்டன. கொண்டுபோக வந்த டெம்போ எதிர்வீட்டுக் காரைத் தாண்டி உள்ளே நுழைய முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் கார் சாவியோடு உடுமலைப்பேட்டைக்குப் போயிருந்தார். குல்மோகரில் கை வைத்தால் அதை இறக்க ஒரு சாண் இடமில்லை.

"இது போதுமுங்க இன்னைக்கு" என்றார் செல்வராஜ். "அத இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"தாராளமா" என்றேன் நான், அதிகாரியாக.

பொழுது சாயும் நேரத்தில் கார் வந்தது. போர்ட்டிகோவில் கட்டைகள் இருந்ததால் தெருவிலேயே நிறுத்தி இறங்கினார்கள். மாமா கட்டை ஒன்றைக் கடக்கும்போது நின்று, குனிந்து, பட்டையைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். வேகமாகப் பின்பக்கம் போனார். நான் பாராட்டை வாங்கிக்கொள்ளப் பின்னாலேயே போனேன்.

மேற்கு வெளிச்சம், இதுவரை அந்த வீட்டுக்குள் நுழைந்திராத ஒரு வெளிச்சம், நேராக அடுப்படி ஜன்னலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. பொக்கு விழுந்த குல்மோகர் சரோஜா அம்மாவின் புதுச் சோலார் ஹீட்டரின் மேல் சாய்ந்தபடி, ஒரு இலை உதிராமல், நிம்மதியாக நின்றது.

"மாப்ளை" என்றார் மாமா.

"சொல்லுங்க மாமா."

"மாமரம் எங்கீங்க?"

"எடுத்தாச்சு மாமா. நீங்க சொன்ன மாதிரியே."

"நான் சொன்ன மாதிரிங்களா?"

"ஒரு கொப்புகூட விடல மாமா."

மாமா என்னைப் பார்த்தார். குல்மோகரைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். பட்டறையில் லேத்து மிஷினை நிறுத்திய அந்தக் குரல் அவர் தொண்டை வரைக்கும் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் அதை விழுங்கினார். மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது. விழுங்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குள் அத்தை பட்டுப்புடவையோடு வந்துவிட்டார். வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் போய் நின்றார். மரம் இருந்த இடத்தில் இருந்த ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பரவால்லீங்க மாப்ளை. காப்பி குடிச்சீங்களா?" என்றார்.

அப்போதுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

என்ன நடந்தது என்பதைக் கவிதா அறைக்குள் வைத்துச் சொன்னாள். 'நீ' எல்லாம் போய் வேறு சில சொற்களும் வந்தன. அந்த மாமரம் அவள் பிறந்த வருடம் அத்தை வைத்தது. அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு ஊறுகாய் அதிலிருந்துதான் போகிறது. அத்தை தினமும் காலையில் பேசிக்கொண்டிருந்தது போனில் இல்லை. நான், "மாமாதான் வெட்டச் சொன்னார்" என்றேன். "அப்பா செத்தாலும் சொல்ல மாட்டாரு" என்றாள் அவள். எனக்குச் சத்தியமாகக் காதில் விழுந்ததைத்தானே நான் செய்தேன் என்று அழாத குறையாகச் சொன்னேன். அன்று ராத்திரி எல்லோரும் ஒன்றுமே நடக்காதது போல என்னைச் சாப்பிட உட்காரவைத்தார்கள். அத்தை வழக்கம்போல, நான் "போதும்" என்றதற்கு மேல் இரண்டு கரண்டி போட்டார்.

மறுநாள் காலையில் நிலைமை இன்னும் குழம்பியது. விடிய விடிய யோசித்த மாமாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "நா என்னன்னு சொன்னனோ தெரியலையே" என்றார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல், சோதித்துப் பார்த்துவிடுவது என்று மாமா முடிவு செய்தார். அவர் போனோடு பின்பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தை அடுப்படியில் இன்னொரு போனைக் காதில் வைத்துக்கொண்டார். மண்டபம் போல இருக்க வேண்டும் என்பதற்காகக் கவிதா டிவியில் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை முழுச் சத்தத்தில் வைத்தாள். நான் அத்தையின் பக்கத்தில், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைப் போல நின்றேன்.

"மாமரத்த உட்டுப்போடுங்க" என்று மாமா பின்பக்கத்திலிருந்து போனுக்குள் கத்தினார்.

"என்ன கேட்டுச்சும்மா?" என்றாள் கவிதா.

அத்தை நேர்மையான மனுஷி. நீண்ட நேரம் யோசித்தார். "வெட்டிப்போடுங்கன்ற மாதிரித்தான் கேட்டுச்சு அம்மணி" என்றார்.

மாமா உள்ளே ஓடிவந்தார். "நல்லாக் கேளு. இப்பச் சொல்றேன்." மறுபடி ஓடினார். கவிதா போனை வாங்கினாள். அவளுக்கு 'நட்டுப்போடுங்க' என்று கேட்டது. அடுத்து மாமா வேண்டுமென்றே 'வெட்டிப்போடுங்க' என்று சொல்லிப் பார்த்தார். எனக்கு 'உட்டுப்போடுங்க' என்று கேட்டது. நாலு தடவை, அஞ்சு தடவை என்று மாறி மாறிச் சொன்னதில், எது எந்தச் சொல், யார் எதைச் சொன்னார்கள், யார் எதைக் கேட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. மாமா வியர்த்து, வேட்டி அவிழ, அடிமரத்துக்கு முன்னால் நின்று, "உட்டுப்போடுங்க, மாமரத்த உட்டுப்போடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அதை மொட்டைமாடியிலிருந்து சரோஜா அம்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி. சரோஜா அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழங்களும் வைத்த பையோடு நின்றார். உள்ளே வந்தார். மாமாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். மரம் போன துக்கத்தில் மனிதருக்குப் புத்தி பேதலித்து, வெட்டிய அடிமரத்திடம் போய், தன் மரத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார் என்று அவர் முடிவே செய்துவிட்டார். ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க முடியுமா?

"வெசனப்படாதீங்க" என்றார் மெதுவாக. "போனது போச்சுதுங்க. நல்லாத் தூங்குங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் மாமா.

"ஆமாங்க, ஒண்ணுமில்லீங்க" என்றார் சரோஜா அம்மா, குழந்தையிடம் ஒத்துக்கொள்கிற குரலில். அத்தையின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் தயங்கித் திரும்பி, "அந்தக் குல்மோகரு..." என்று ஆரம்பித்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். "அவசரமில்லீங்க" என்று முடித்துக்கொண்டார்.

கதவை மூடியதும் மாமாதான் முதலில் சிரித்தார். சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத ஒன்று. கவிதாவும் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. ஒரு பெரிய குண்டாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வெட்டிய கிளைகளில் இருந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பறிக்க ஆரம்பித்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பறித்தேன். வெயில் ஏறியதும், "உள்ள போங்க மாப்ளை, வெயிலு" என்றார். நான் போகவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை நான் சரியாகப் பயன்படுத்திய முதல் இடம் அதுதான்.

அடுத்த வாரம் செல்வராஜ் வந்தார். இந்த முறை என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் குல்மோகர் மேல் கையை வைக்கச் சொல்லி, "இதுதானுங்களா? இத வெட்டறதுங்களா? விட்டுடறதில்லீங்களே?" என்று அச்சரம் அச்சரமாகக் கேட்டார். பிறகு அத்தையிடம். பிறகு கவிதாவிடம். பிறகு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து சரோஜா அம்மாவிடமும். எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே மிஷின் ஓடியது. அடிமரத்தை அறுத்தபோது நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. ஆடி வரைக்கும் நின்றிருக்காது என்று அவர் சொன்னது சரிதான். சரோஜா அம்மா அன்று மாலை மறுபடியும் கடலை உருண்டை கொண்டுவந்தார்.

பிஞ்சுகள் எல்லாம் மாவடு ஆயின. ஒரு முழு மரத்தின் மாவடு. எங்கே வைப்பது என்று தெரியாமல் அத்தை அவற்றை ஒறம்பரை வீடு ஒவ்வொன்றுக்கும் ஜாடி ஜாடியாகக் கொடுத்தனுப்பினார். அந்த வருடம் முழுக்க ஈரோடு, கோபி, தாராபுரம் என்று எந்தச் சொந்தக்காரர் வீட்டில் இலை போட்டாலும் ஓரத்தில் என் குற்றம் எண்ணெய் மினுக்கோடு உட்கார்ந்திருக்கும். "மாப்ளை, இது நீங்க போட்ட வடுங்க, நல்லாருக்குதுங்க" என்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. கிண்டலா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நானும் "ஆமாங்க" என்று ஒன்றை எடுத்துக் கடிப்பேன்.

மாமாவும் கவிதாவும் அதன் பிறகு எதற்கெடுத்தாலும் என்னிடம், "வெட்டறதா, உடறதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேக்குக்குக் கேட்டார்கள், நகத்துக்குக் கேட்டார்கள், டிவி சீரியலைப் பாதியில் நிறுத்துவதற்குக் கேட்டார்கள். அத்தை மட்டும் அந்தச் சங்கதியை ஒரு நாளும் வாயில் எடுக்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. வருடங்கள் ஓடின. மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் ஒரு தடவை திட்டிவிட்டால் தேவலை என்று நான் எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

போன வருடம் எங்கள் மகளுக்குக் கவிதா வீட்டுக் குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை. தாய்மாமன் முறைக்கு ஒருவர் குழந்தையை மடியில் வைத்திருந்தார். சுற்றிலும் ஒறம்பரைக் கூட்டம். மொட்டையடிக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, குழந்தையின் அப்பா யார் என்று தேடி, என்னைக் கண்டுபிடித்தார்.

"ஏனுங்க, முழு மொட்டைங்களா, பூ முடி மட்டும் எடுக்கறதுங்களா?"

நான் வாயைத் திறந்தேன்.

"அவரக் கேக்காதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கவிதா இல்லை. மாமா இல்லை. அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, குழந்தையின் தலைக்கு மேலே உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"மாப்ளை கிட்ட மட்டும் கேட்டுப்போடாதீங்க. அவிய தூருல இருந்து எடுத்துப்போடுவாங்க."

கோயிலே சிரித்தது. மாமாவுக்குத் துண்டை வாயில் திணிக்க வேண்டியிருந்தது. அத்தை என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, கண்ணின் ஓரத்தில் மட்டும் ஏதோ இருந்தது. இத்தனை வருடமும் அவர் கோபமாக இருந்தாரா, இல்லை இந்த ஒரு வரிக்குப் பொருத்தமான இடம் வரட்டும் என்று காத்திருந்தாரா என்று எனக்கு இப்போதும் தெரியாது. கேட்கலாம்தான். கேட்டால் "காப்பி குடிச்சீங்களா" என்பார்.